ட்ரம் நிறையத் தண்ணீர், உள்ளே மூச்சுமுட்டும் விரால்

கோடையில் ஏரி வற்றினால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து விராலுக்குப் போதாத காலம். சேற்றைக் கலக்கிப் பிடித்து, பிளாஸ்டிக் டப்பில் போட்டுச் சாலையோரம் விற்பார்கள். டப்பில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் இருந்தாலே அதிகம். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் சாயங்காலம் வாங்கும்போதும் மீன் துள்ளும். ஆனால் பாவம் பார்த்து ட்ரம்மை விளிம்புவரை நிரப்பி, அதில் விட்டு, இறுக மூடிவைத்தால் காலையில் செத்துக் கிடக்கும்.

தண்ணீரில் மூழ்கித்தான் செத்தது. வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தே தீரவேண்டும். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மி.லி. ஆக்சிஜன் உண்டு. வெதுவெதுப்பான ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 5 மி.லி. தேறினால் பெரிது, குட்டையாகிவிட்டால் அதுவும் இல்லை.

செவுளுக்கு மேலே, தலையின் இரு பக்கமும் இதற்கென்று ஓர் அறை. உட்சுவர் முழுக்க நுண்ணிய ரத்த நாளங்கள். மூச்சு விடும் விதமே தனி. செவுள் பக்கமிருந்து தண்ணீரைப் பின்னோக்கி அறைக்குள் ஏற்றும். குடத்தை முக்கினால் காற்று குபுகுபுவென்று கிளம்புமே, அப்படிப் பழைய காற்று வாய்வழியே வெளியேறும். பிறகு புதுக் காற்று ஒரு வாய்.

இதுவரை சுலபம். சிக்கல் ரத்த ஓட்டத்தில். நம் நுரையீரலிலிருந்து வரும் ரத்தத்துக்கு இதயத்தில் தனி அறை உண்டு. விராலுக்கோ ரத்தத்தைத் தள்ளும் அறை, அதாவது வென்ட்ரிக்கிள், ஒன்றே ஒன்று. காற்றறையில் ஆக்சிஜன் ஏற்றிய ரத்தம், உடம்பைச் சுற்றிக் களைத்து வரும் ரத்தத்தோடு அங்கேதான் வந்து சேர்கிறது.

ஒரகடம் கூட்ரோட்டை நினைத்துக்கொள்ளலாம். ஆள் நிறைந்த பஸ், ஆளை இறக்கிவிட்டு வரும் காலி பஸ், இரண்டுக்கும் அதே சந்திப்பு. ஆட்கள்தான் ஆக்சிஜன், கம்பெனிதான் உடம்பு. சந்திப்பைத் தாண்டியதும் எல்லா பஸ்ஸும் செவுள் என்கிற ஸ்டாப் வழியாகத்தான் போகவேண்டும். வெளியே ஆக்சிஜன் வற்றிய குட்டை. அங்கே கதவைத் திறந்தால் ஆட்கள் இறங்கி நடையைக் கட்டிவிடுவார்கள். கம்பெனிக்கு வெறும் பஸ்தான் போய்ச் சேரும். சிரமப்பட்டுக் குடித்த காற்றைச் செவுள்வழியே குட்டைக்கே தாரைவார்ப்பதா?

விரால் அதற்கு வழி வைத்திருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாய் வாசலிலேயே இரண்டாகப் பிரிகிறது. காலி பஸ்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு செவுள் வளைவுகள் வழியே காற்றறைக்குத் திரும்புகின்றன. நிறைந்த பஸ்களில் பெரும்பாலானவை மூன்றாம், நான்காம் வளைவுகள் வழியே உடம்புக்கு. செவுள்களே சிறுத்துப்போனதால் இறங்கும் கதவும் குறைவு. சூப்பர்வைசர் யார், ஓவர்டைம் யாருக்கு என்று கேட்காதீர்கள். உவமைக்கு டீசல் தீர்ந்துவிட்டது.

ஒரே அறையில் இரண்டு ரத்தமும் கலக்காதா? கலக்கும், ஆனால் முழுதாக அல்ல. நம் விராலின் தூரத்துச் சொந்தமான சன்னா ஆர்கஸ் மீனில் இரு கிளைகளிலும் ரத்தம் எடுத்து அளந்த ஜப்பானிய ஆய்வாளர்கள் இஷிமட்சுவும் இட்டாசாவாவும், இரண்டிலும் ஆக்சிஜன் அளவு வேறு என்று 1983-இல் எழுதினார்கள். நடுச்சுவர் இல்லாமலே பாதிச் சுவரின் வேலை நடக்கிறது. சரி, செவுளை அடியோடு கழற்றிவிட்டால் என்ன? கரியமில வாயு தண்ணீரில் எளிதாகக் கரையும். அதைக் கொட்ட இந்த மீனுக்குச் செவுள் வேண்டும்.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனி அதிகாரியாக இருந்த டால்டார்ஃப், காற்றைக் குடிக்கும் இன்னொரு மீன் பனைமரத்தில் ஏறியதைத் தாமே பார்த்ததாக எழுதினார்; லண்டன் லின்னேயன் சங்கம் 1797-இல் அதை அச்சிட்டது. நம்மூர்க்காரர்கள் அதைப் பனையேறிக் கெண்டை என்றே அழைக்கிறார்கள். செவுள்மூடி முள்ளை ஊன்றித் தரையில் நகரும், அது உண்மை. பனைமரத்தை மட்டும் நம்ப மனம் வரவில்லை.

விராலைச் சுற்றியும் கதை உண்டு. ஹைதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதவாக்கில், உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்து உருண்டையை வைத்து ஆஸ்துமாக்காரர்களை விழுங்கச் சொல்கிறார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் வருகிறது. குணமாகிறது என்பதற்கு அறிவியல் சான்று வந்தபாடில்லை. உள்ளே போன குஞ்சுக்கும், மேலே வந்து ஒரு வாய் குடிக்க அங்கே காற்று கிடையாது.