ஒரே நீர், இரு பணி

இலங்கையின் பல பகுதிகளில் வயலுக்குப் பாயும் நீரும் வீட்டு விளக்கை எரிக்கும் மின்சாரமும் ஒரே ஆற்றிலிருந்து பெறப்படுவனவாகும். மலைநாட்டில் பெய்யும் மழை கடலைச் சேருமுன் மின்னிலையத்தையும் இயக்கி, நெற்பயிரையும் வளர்க்கின்றது. இவ்விரு பணிகளும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று துணையாக அமைகின்றன. ஆயினும் வரட்சிக் காலத்தில் அவற்றிடையே போட்டி எழுவதுண்டு. அதன் காரணத்தைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்மை பயக்கும்.

நீரிலிருந்து மின்சாரம்

ஆற்றின் குறுக்கே அணை கட்டி நீர் தேக்கப்படுகின்றது. அந்நீர் சுரங்கம் வழியாகவும், பின்னர் சரிவான பெருங்குழாய்கள் வழியாகவும் கீழேயுள்ள மின்னிலையத்துக்கு இறக்கப்படுகின்றது. அங்கு அது சுழலி எனப்படும் சக்கரத்தை வேகமாகச் சுழற்றுகின்றது. சுழலியின் அச்சோடு பிணைக்கப்பட்ட மின்பிறப்பாக்கியில் காந்தங்கள் கம்பிச் சுருள்களிடையே சுழல, மின்சாரம் பிறக்கின்றது. வேலை முடித்த நீர் அளவிற் குறையாது மீண்டும் ஆற்றைச் சேர்கின்றது.

ஓர் ஏக்கர் வயலில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீரை எடுத்துக்கொள்வோம். அது 100 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கிச் சுழலியை இயக்கினால், ஏறக்குறைய 300 அலகு மின்சாரம் கிடைக்கும். உயரம் இரு மடங்காயின் மின்சாரமும் இரு மடங்காகும். மலைநாட்டின் சிறப்பு இதுவே. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா மலையாறுகளிலிருந்து மின்வலு பெறும் வழியை 1918 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். லக்சபானா மின்னிலையம் 1950 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது.

மகாவலியின் இரு வழிகள்

கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் 1976 ஆம் ஆண்டு முதல் மகாவலி நீரின் ஒரு பகுதி வடக்கே திருப்பப்படுகின்றது. அந்நீர் உக்குவளை மின்னிலையத்தை இயக்கிய பின், அம்பன் கங்கை வழியாகச் சென்று வடமத்திய மாகாண வயல்களுக்கும் குளங்களுக்கும் பயன்படுகின்றது. திருப்பப்படாத நீர் விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை ஆகிய மூன்று நிலையங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக உழைத்து, மினிப்பே அணையை அடைந்து அங்குள்ள வயல்களுக்குப் பாய்கின்றது.

உக்குவளையின் ஆற்றல் ஏறக்குறைய 40 மெகாவாற்று. விக்டோரியாவின் ஆற்றலோ 210 மெகாவாற்று. எனவே, வடக்கேயுள்ள வயல்களுக்கு நீர் அனுப்பும்போது நாடு மின்சாரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கின்றது. அந்நீர் வயலில் வீணாகுமாயின் இழப்பு இரட்டிப்பாகும்.

போட்டி எழும் வேளை

மின்னிலையம் நீரைக் குடித்துவிடுவதில்லை. ஆனால் அதனைத் திறந்துவிடும் காலத்தை அது தீர்மானிக்கின்றது. மின்தேவை மாலையிலும் முன்னிரவிலும் உச்சம் அடையும். வரட்சி நீடிக்குமாயின், அடுத்த மழை வரும்வரை நீரைக் காத்து வைப்பது மின்னிலையத்துக்குத் தேவையாகின்றது. பூக்கும் பருவத்து நெல்லோ அவ்வாறு காத்திருக்க மாட்டாது.

2023 ஆம் ஆண்டு சிறுபோகத்தில் உடவளவைப் பகுதி வயல்கள் நீரின்றி வாடின. அவற்றுக்கு மேலேயுள்ள சமனலவாவியின் நீர் மின்னுற்பத்திக்கெனப் பேணப்பட்டிருந்தது. கமக்காரர் போராடினர். ஆகத்து மாதத்தில் அமைச்சரவை அந்நீரைத் திறந்துவிடத் தீர்மானித்தது. தென்பகுதியில் மின்வெட்டு நேரலாம் என்னும் அச்சமும் அப்போது நிலவியது. கருகிய பயிரைப் பின்வரும் நீர் மீட்பதில்லை என்பதை அவ்வாண்டு உணர்த்தியது.

நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த காலத்தில், 1996 ஆம் ஆண்டு வரட்சியினால் நாடெங்கும் நீண்ட மின்வெட்டு ஏற்பட்டது. இன்று நிலக்கரி, எண்ணெய், சூரிய ஒளி, காற்று ஆகியனவும் மின்சாரம் தருகின்றன. பகலில் சூரிய மின்சாரம் கிடைக்கும்போது அணைநீரை மாலைத் தேவைக்கு ஒதுக்கி வைக்க இயலும். ஆயினும் மழை குறைந்த ஆண்டில் நெருக்கடி முற்றாக நீங்குவதில்லை. கிணற்று நீரை மின் இயந்திரத்தால் இறைக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் இது பொருந்தும்.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. போகத் தொடக்கக் கூட்டத்துக்குத் தவறாது சமுகமளித்தல் வேண்டும். நீர்த்தேக்கத்தில் உள்ள நீர் எவ்வளவு, வயலுக்கு எத்தனை முறை திறக்கப்படும் என்பவற்றை விதைக்குமுன் கேட்டறிதல் நன்று.

2. குறித்த திகதியில் யாவரும் ஒருங்கே விதைத்தல் வேண்டும். ஒருவர் பிந்தினால் அவருக்காக வாய்க்காலில் நீர் நீண்டகாலம் ஓட நேரும்.

3. நீர் குறைந்த சிறுபோகத்தில் மூன்று அல்லது மூன்றரை மாத நெல்லினங்களைத் தெரிவு செய்தல் ஏற்றது.

4. நீர் வடியும் மேட்டு நிலங்களில் மிளகாய், வெங்காயம், பயறு முதலியவற்றைச் செய்கை பண்ணலாம்.

5. நிலத்தை மட்டப்படுத்தி, வரம்பிலுள்ள நண்டு வளைகளை அடைத்தல் வேண்டும்.

வயலில் மிச்சமாகும் நீர் அடுத்த முறைக்கென நீர்த்தேக்கத்தில் நிற்கும். வரட்சி வரும்போது பயிரைக் காப்பதும், விளக்கை அணையாது வைப்பதும் அந்நீரேயாகும்.