ஒளியால் அழியும் நினைவு

கணிப்பொறிகளிலும் அளவைக் கருவிகளிலும் பயன்பட்டு வந்த ஈப்ராம் என்னும் நினைவுச் சில்லின் மேற்புறத்தில் சிறியதொரு ஜன்னல் காணப்படும். சில்லில் எழுதியதை அழிப்பதற்கான வழி அதுவே. இவ்வகைச் சில்லை 1971-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தில் டவ் ஃப்ரோமன் என்பவர் உருவாக்கினார். அன்று வெளிவந்த 1702 என்னும் சில்லில், ஒன்று அல்லது சுழி என்னும் குறிகள் 2048 மட்டுமே அடங்கின.

இச்சில்லின் நினைவு மின்னேற்றத்தைப் பொறுத்தது. மிதக்கும் வாயில் எனப்படும் நுண்ணிய ஸிலிகான் தகடுகள், மின்கடத்தாப் பொருளாகிய ஸிலிகான் டையாக்ஸைடினால் முற்றிலும் சூழப்பட்டுள்ளன. எழுதும்போது உயர்ந்த மின்னழுத்தத்தால் எலெக்ட்ரான்கள் இத்தகடுகளினுள் செலுத்தப்படுகின்றன. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும், காப்பினைக் கடக்கும் சக்தி இன்மையால், அவை பல ஆண்டுகள் சிறைப்பட்டே இருக்கும். அச்சக்தியை அளிக்கவல்லது ஒளி. அலைநீளம் குறையக் குறைய ஒளித்துகளின் சக்தி மிகும். சுமார் 4000 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி பட்டால் எலெக்ட்ரான்கள் காப்பைத் தாண்டி வெளியேறுகின்றன, எழுதியது மறைகிறது.

வேண்டுமென்றே அழிப்பதற்கு, 2537 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்களை வீசும் பாதரச ஆவி விளக்கு பயன்படுகிறது. சாதாரணக் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடுமாதலால் ஜன்னல் குவார்ட்ஸினால் செய்யப்படுகிறது. விளக்கிலிருந்து சுமார் ஓர் அங்குல தூரத்தில் 15 முதல் 20 நிமிஷம் வரை வைத்தால் சில்லு முழுவதும் அழிந்துவிடும். இவ்விளக்கின் ஒளி கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு விளைப்பது; ஆதலால் அதனை மூடிய பெட்டிக்குள்ளேயே எரியச் செய்தல் வேண்டும்.

அதே ஜன்னல் வேண்டாத ஒளிக்கும் வழிவிடுகிறது. இன்டெல்லின் 2716 என்னும் சில்லு நேர் வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரத்திலும், அறையின் ஃப்ளூரஸன்ட் விளக்கொளியில் இடைவிடாது இருப்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளிலும் அழியக்கூடும் என்று அந்நிறுவனமே குறித்துள்ளது. குறிகள் யாவும் ஒரே கணத்தில் மறைவதில்லை. ஆகவே கருவி நின்றுவிடுமுன் தவறான அளவுகளைக் காட்டவும் கூடும். பிழை வெளியில் தெரியாத இந்நிலையே மிகவும் கவலைக்குரியது.

மின்சாரத்தாலேயே அழிக்கத்தக்க சில்லுகள் பின்னர் தோன்றி ஈப்ராமின் இடத்தைப் பெற்றன. எனினும் பழைய கருவிகளில் அது இன்னும் காணப்படுகிறது. ஜன்னலின் மீது ஒட்டப்பட்டுள்ள ஒளிபுகாச் சீட்டு பெயர் எழுதுவதற்கு மட்டுமானதன்று. அது நினைவின் காவல். சீட்டு உரிந்திருப்பின் உடனே மாற்ற வேண்டும். கருவி செம்மையாக இயங்கும்போதே சில்லின் உள்ளடக்கத்தைப் படியெடுத்து வைத்தல் நன்று. பயனற்றுப்போன சில்லு கிடைத்தால், ஆசிரியர் அதன் ஜன்னல் வழியே உள்ளிருக்கும் ஸிலிகான் துண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் மாணவருக்குக் காட்டலாம்.