முதுகுக்கு ஒரு சும்மாடு

தலைச்சுமைக்குச் சும்மாடு உண்டு. முதுகுச்சுமைக்கு? ஜப்பானின் வடகிழக்கே, யமகதா மாகாணத்து ஷோனாய் சமவெளிக்காரர்கள் அதை 'பந்தோரி' என்பார்கள். அந்த வட்டார வழக்கில் பந்தோரி என்றால் பறக்கும் அணில். கைகால் விரித்து மரத்துக்கு மரம் தாவுகிற அதன் உருவம், சுமைகாரர் முதுகில் ஒட்டிக்கொண்ட மாதிரி யாருக்கோ தோன்றியிருக்கிறது.

பந்தோரிக்கான வைக்கோலை எடுத்த எடுப்பில் பின்ன முடியாது, ஒடியும். அடிச்சருகை உரித்துப்போட்டு, கொஞ்சம் ஈரமாக்கி, மரச்சுத்தியால் அடித்துப் பதப்படுத்த வேண்டும். அடி குறைந்தால் தாள் முறியும், மிஞ்சினால் நார்நாராய்ப் பிய்ந்துவிடும். பனி மூடிய மாதங்களில் வீட்டுக்குள் இதுதான் வேலை. கெட்டியாகப் பின்னிய மெத்தையில் பாரம் பரவலாக உட்காரும். கயிறும் மூட்டை விளிம்பும் முதுகெலும்பை அறுக்காது. அரிசி மூட்டை ஒன்று 60 கிலோ. 1893இல் சகாதா துறைமுகத்தில் எழுந்த சங்க்யோ கிடங்குகளில் அவற்றை முதுகில் சுமந்தவர்கள் பெண்கள்.

இப்படி உழைத்துத் தேயும் பொருளுக்குக் கல்யாணக் கோலமும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. பெண்வீட்டுச் சீரைச் சுமந்து போகிறவர்களுக்கென்றே 'இவாய் பந்தோரி', அதாவது மங்கலப் பந்தோரி பின்னினார்கள். கழுத்தோரத்திலும் தோளிலும் வண்ணத் துணிக்கிழிசல்களைக் கோத்துக் கட்டமும் கோணமுமாக வேலைப்பாடு. கீழ்ப்பாதி எப்படியும் பெட்டிக்கு அடியில் மறைந்துவிடும்; கண்ணில் படுகிற இடத்தில் மட்டும் வண்ணத்தைச் செலவிட்ட கைகள் கணக்குத் தெரிந்தவை. பருத்திக்கு ஒத்துவராத குளிர்நாடு அது. கப்பலில் வந்திறங்கிய பழந்துணிக்கே அங்கே மதிப்பு அதிகம்.

நாட்டார் கைவினையைத் தேடியலைந்த யனாகி சோயெட்சு, 1936இல் தோக்கியோவில் அதற்கென ஓர் அருங்காட்சியகமே திறந்தார். 1940இல் ஜப்பானுக்கு வந்த பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஷார்லோட் பெரியான், இதே யமகதாவின் ஷின்ஜோ விவசாயிகளிடம் தன் சாய்விருக்கைக்கு வைக்கோல் மெத்தை பின்னி வாங்கினார். வைக்கோலை ஏழ்மையின் அடையாளமாக மட்டும் பார்க்காத கண்கள்! அந்தப் பார்வை ஊர்க்காரர்களுக்கே வாய்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

இன்று சுருவோகா நகரின் சிதோ அருங்காட்சியகத்தில் பந்தோரிகளைப் பார்க்கலாம். வயலில் நிலைமை வேறு. அறுவடை இயந்திரம் நெல்லைப் பிரித்த கையோடு தாளையும் துண்டுதுண்டாக நறுக்கிக் கொட்டிவிடுகிறது. பின்னுவதற்கு நீளத்தாள் வேண்டுபவர்கள் தனியாக அறுத்து, கட்டி, உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.