டெக்ஸாஸில் மேயும் சகாரா மான்

மான் என்றதும் காடுதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலோ ஆப்பிரிக்க மான்களைக் குடும்பப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். அவற்றுள் ஒன்று, வளைந்த வாள் போன்ற கொம்புடைய ஓரிக்ஸ். சகாராவின் ஓரத்தில் திரிந்த இவ்விலங்கு இயற்கையில் அற்றுப்போனதாக 2000இல் அறிவிக்கப்பட்டது. டெக்ஸாஸ் பண்ணைகளிலோ மந்தை மந்தையாக மேய்ந்துகொண்டிருந்தது!

விலங்கியலில் இது ஆடும் மாடும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது, கொம்பு உதிராது. வளர்ப்பு முறையும் எங்கள் வீட்டு ஆட்டு மந்தையைத்தான் நினைவூட்டுகிறது. எட்டு மாதத்துக்கு மேல் சினை. ஈற்றுக்கு ஒரு கன்று. மந்தைக்குள்ளேயே இணைந்தால் வம்சம் நலியுமென்று ஆண் விலங்கை வெளியிலிருந்து வாங்குவார்கள். என் தந்தை இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே செய்கிறார்! பாலைநிலப் பிராணிக்குக் குளிர்தான் எமன். 2021 பிப்ரவரிப் பனியில் பல பண்ணைகளில் மான்கள் மடிந்தன.

வருவாய் எங்கிருந்து? பெரும்பாலும், பணம் கட்டிச் சுட வரும் வேட்டைக்காரரிடமிருந்து. எனக்கு இது கசக்கிறது. ஆயினும் 2012இல் வேட்டைக்கும் விற்பனைக்கும் தனி அனுமதி கட்டாயமானபோது, இனி வளர்த்துப் பயனில்லை என்று பண்ணையார் பலர் மந்தையைக் குறைத்தனர். 2014இல் அந்நிபந்தனை நீங்கியது.

ஓரிக்ஸ் ஆப்பிரிக்க மண்ணில் மீண்டும் விடப்பட்டது 2016இல், சாட் நாட்டில். அபுதாபியில் வளர்த்த மந்தையிலிருந்து. 2023இல் அதன் பெயர் இயற்கையில் அற்றுப்போனவற்றின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது.