வெட்டிய கரும்பில் என்ஸைம் செய்யும் வேலை

கரும்பை வெட்டி இரண்டு மூன்று நாள் களத்தில் போட்டு வைத்தபின் ஆலையாடினால், வெல்லம் சரிவரக் கட்டாமல் இளகிப்போவதை மிராசுதார்கள் பலர் கண்டிருப்பார்கள். இதற்கு நிலத்தையும் உரத்தையும் குறை கூறுவது வழக்கம். அவையும் சிற்சில சமயம் காரணமாகலாம். ஆயினும், வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தவிடத்துக் கேடு விளைவிப்பது பெரும்பாலும் அக்கரும்பினுள்ளேயே இருக்கும் 'இன்வர்ட்டேஸ்' என்னும் என்ஸைமேயாம்.

என்ஸைம் என்பது யாது? ஜீவராசிகள் தம் உடலில் உண்டாக்கும் ஒருவகைப் புரதப்பொருள். இஃது ஓர் இரசாயன மாறுதலைத் துரிதப்படுத்தி, அது முடிந்ததும் தான் செலவழியாமல் மீண்டும் அடுத்த வேலையிற் புகும். இத்தகைய பொருளை வினையூக்கி என்பர். ஆகவே, மிகச் சிறிதளவு என்ஸைமும் ஏராளமான சர்க்கரையை மாற்ற வல்லது. ஆனால், ஒவ்வொரு என்ஸைமும் தனக்கு இசைந்த பொருளையே பற்றும். ஜெர்மானிய இரசாயன சாஸ்திரி எமில் பிஷர் 1894-ல் இவ்விசைவைப் பூட்டுக்கும் சாவிக்கும் உள்ள பொருத்தத்திற்கு ஒப்பிட்டார்.

இன்வர்ட்டேஸின் செயலால் 95 பங்கு கரும்புச் சர்க்கரை 5 பங்கு ஜலத்துடன் கூடி, குளுக்கோஸும் பிரக்டோஸும் சமபாகமாக 100 பங்கு ஆகின்றது. இனிப்பு நீங்காமையால், சாற்றை நாவிலிட்டுப் பார்ப்பவருக்குக் கேடு புலப்படாது. ஆனால், இவை கரும்புச் சர்க்கரையைப்போல் எளிதில் மணி கட்டுவதில்லை. காற்றின் ஈரத்தையும் ஈர்ப்பதால் வெல்லம் கசிகின்றது.

வயலில் நிற்கும் முற்றிய கரும்பில் இதன் வேகம் அடங்கியிருக்கும். வெட்டியபின் மேலோங்கும், வெயிலும் உலர்ச்சியும் அதனைத் தூண்டும். வெட்டுவாயிற் புகும் நுண்கிருமிகளும் சர்க்கரையைக் கெடுக்கும். மிதமான உஷ்ணம் என்ஸைமுக்கு அநுகூலம். கொதிநிலையோ அதை அழித்துவிடும்.

ஆதலின் கவனிக்க வேண்டியவை:

1. அன்று வெட்டியதை அன்றே, இயலாவிடின் 24 மணி நேரத்திற்குள், ஆலையாடுக.

2. காத்திருக்க நேரின் நிழலில் அடுக்கி, சோகையால் மூடி, ஜலம் தெளித்து வருக.

3. பிழிந்த சாற்றைத் தங்கவிடாது உடனே கொப்பரையிலேற்றிக் காய்ச்சுக.

4. பழைய சாறு நில்லாதபடி ஆலையையும் பாத்திரங்களையும் தினந்தோறும் கழுவுக.

ஒருமுறை மாறிய சர்க்கரையைச் சுண்ணாம்பு சேர்த்தும் மீட்க இயலாது. ஓர் ஆலையைப் பலர் பொதுவில் உபயோகிக்கும் ஊர்களில், கிராம அதிகாரிகள் முன்கூட்டியே முறை வகுத்து, தம் முறை வருமுன் எவரும் கரும்பை வெட்டாதபடி பார்த்துக்கொள்வது யாவர்க்கும் நலம்.