அம்மாவின் எம்ஜியார், என் ரஜினி

ஓப்பநாயக்கவுக்கு ரயில் ஓடிய காலம் ஒன்று இருந்தது. அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்கு வந்த களனிவெளிக் குறுகிய பாதையை 1919ல் எங்கள் ஊர்வரை நீட்டினார்கள். தண்டவாளம் இங்கேயே முடிந்தது. 1976ல் பாதையை மூடிவிட்டார்கள். என் அம்மா ரப்பர் மலையில் பால் வெட்டியவர். சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறு அந்தச் சின்ன ரயிலில் ஏறி, இரத்தினபுரியில் எம்ஜியார் படம் பார்த்துவிட்டு வருவதுதான் அவருடைய இளவயதின் பெரிய சந்தோஷம். சிவாஜி படத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டாராம். அழுவதற்கு லயத்திலேயே காரணம் கிடக்கிறது, காசு கொடுத்து வேறு அழ வேண்டுமா என்பாராம்.

அம்மா இப்போது எம்ஜியார் படம் பார்ப்பதில்லை. டிவியில் ஓடினால் ஒரு பாட்டு வரைக்கும் இருப்பார், பிறகு எழுந்து குசினிக்குப் போய்விடுவார். ரஜினி படம் ஓடும்போது நானும் அப்படித்தான் எழுந்து போகிறேன். உயிராக நினைத்திருந்த ஒரு நடிகர் எப்படி மனதிலிருந்து இறங்கிப் போகிறார் என்று பல நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வயதாகிவிட்டது, ரசனை மாறிவிட்டது என்று சொல்லிவிடலாம். எங்கள் தோட்டங்களைப் பொறுத்தவரை அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

எம்ஜியார் 1917ல் கண்டிப் பக்கத்தில் பிறந்தவர். அவர் கைக்குழந்தையாக இருந்த காலத்திலேயே குடும்பம் கடல் தாண்டிப் போய்விட்டது. ஆனாலும் தோட்டத்து ஆட்களுக்கு அவர் 'நம்ம நாட்டுல பொறந்த புள்ள'. அந்த உறவு எங்கிருந்து வந்தது என்பது 1948ஐத் தெரிந்தால்தான் விளங்கும். அந்த வருடத்துக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. காட்டை அழித்துத் தேயிலையும் ரப்பரும் நட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை, கடவுச்சீட்டு இல்லை. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் விழவில்லையென்றால் கேட்க ஆள் இல்லை. துரையைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓரமாக ஒதுங்க வேண்டும். அப்படி வாழ்ந்தவர்கள் 1965ல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்ஜியார் சவுக்கை எடுத்து நம்பியாரை விளாசியபோது யாரைப் பார்த்திருப்பார்கள்? அம்மாவிடம் கேட்டேன்.

"கங்காணியப் பாத்தேன்" என்றார். யோசிக்கவே இல்லை.

அதற்கு முந்திய வருடம், 1964 அக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பங்கீட்டில் எங்கள் குடும்பமும் இரண்டாகியது. அப்பாவின் தங்கை தலைமன்னாரில் கப்பல் ஏறி, இங்கிருந்து போனவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் உண்டாக்கிய தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். 1977ல் எம்ஜியார் முதலமைச்சரான தேர்தலில் அத்தை அவருக்கு ஓட்டுப் போட்டுவிட்டு அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அம்மாவுக்கு அப்போது யாருக்கும் போட ஓட்டு இல்லை. எம்ஜியார் 1987 டிசம்பர் 24 அன்று காலமானார். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் அதற்கடுத்த வருடம்தான் வந்தது. அம்மா முதல்முறை வாக்குச்சாவடிக்குப் போனது அதன் பிறகு.

தமிழ்நாட்டு ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்ஜியாரைப் பற்றி 1992ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். தமிழில் 'பிம்பச் சிறை' என்று வந்திருக்கிறது. ஏழைகள் தாங்கள் செய்ய நினைத்ததைத் திரையில் ஒற்றை ஆளாக அவர் செய்வதைக் கண்டு மனம் நிறைந்தார்கள், ஆனால் அவருடைய ஆட்சியில் வரிச்சுமை அந்த ஏழைகள் தலையிலேயே விழுந்தது என்பது அவர் வாதம். கணக்கை எடுத்து வைத்துப் பேசும் புத்தகம், மறுக்கக் கஷ்டம். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. சிறைக்குள் இருந்தவர்கள் எப்படி வெளியே வந்தார்கள் என்று அந்தப் புத்தகம் எனக்குச் சொல்லவில்லை. அம்மா வெளியே வந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

எண்பதுகளின் நடுவில் அம்மா தோட்டத்து மாதர் சங்கத் தலைவியானார். பேர் குறைந்தாலும், பிள்ளைக் காம்பராவில் பால்மா இல்லையென்றாலும், கூரைத் தகரம் பிய்ந்தாலும் ஆபீசுக்குப் போவது அவர்தான். ஆரம்பத்தில் நான்கு பேரோடு போவார், பிறகு தனியாகவே போனார். எம்ஜியார் படம் அலுத்துவிட்டதா என்று இப்போது கேட்டால், "நாமளே போயிப் பேசப் பழகுனப்புறம், அவரு பேசுறத ஒக்காந்து பாக்க என்ன இருக்கு?" என்கிறார். அவர் மேல் அம்மாவுக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. படம் சுவரில்தான் இருக்கிறது, மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில். அவர் செய்துகொண்டிருந்த வேலை அம்மாவின் கைக்கு மாறிவிட்டது.

என் முறை ரஜினி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் லயத்துக்கு மின்சாரம் வரவில்லை. திருவிழா முடிந்த இரவு ஜெனரேட்டரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, கோயில் வாசலில் டிவியை மேசைமேல் ஏற்றி வைத்து, விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். மாசியில் காமன் கூத்துக்கு வேஷம் கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் டெக் படத்துக்குச் சாக்கு விரிக்க இடம் இல்லாமல் போனது. அப்படிப் பார்த்ததுதான் 'மன்னன்', 1992ல் வந்த படம், பி. வாசு இயக்கியது. ரஜினி ஆலைத் தொழிலாளி, தொழிற்சங்கத் தலைவராகிறார். விஜயசாந்தி முதலாளி. சங்கத்தின் வாயை அடைக்கலாம் என்ற நினைப்பில் அந்தத் தலைவரையே கல்யாணம் செய்துகொள்கிறார் முதலாளியம்மா. கடைசியில் கம்பனியை விட்டுவிட்டு வீட்டுப் பெண்ணாகிவிடுகிறார். முதலாளியின் முன்னால் கால் அகட்டி நிற்கும் தொழிலாளியைக் கண்ட எங்கள் தோட்டம் எழுப்பிய சத்தம் கீழே சிங்களக் கிராமத்துக்கே கேட்டிருக்கும். அந்தச் சத்தத்தில் என்னுடையதும் இருந்தது, பதினேழு வயதுப் பெண்ணின் முழுத் தொண்டையோடு.

சில வருடங்களுக்கு முன் அந்தப் படத்தை வீட்டில் மறுபடி பார்த்தேன். தொழிலாளி நிமிர்ந்து நிற்கும் இடங்கள் இப்போதும் பிடிக்கின்றன. ஆனால் என் கண் முதலாளியை விட்டுவிட்டு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. படம் தோற்கடிக்க விரும்பியது அவருடைய பணத்தையா, அவர் கட்டளையிடும் பெண்ணாக இருந்ததையா? பணம் தோற்றதாகத் தெரியவில்லை, பெண்தான் அடுப்படிக்குப் போனார். 1999ல் வந்த 'படையப்பா'வில் ஒரு பெண் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக்கூடாது என்று ரஜினி நீலாம்பரிக்குப் பாடம் எடுக்கும் இடமும் அப்படித்தான் பட்டது. அந்தப் படத்தில் நீலாம்பரியாக வரும் ரம்யா கிருஷ்ணனைத் தவிர வேறு யாரையும் இன்று என்னால் ரசிக்க முடியவில்லை.

இதை நகரத்துப் பெண் சொல்வதற்கும் தோட்டத்துப் பெண் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. இலங்கைத் தோட்டங்களில் 1984 வரை ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. அந்த வருடம் வேலைநிறுத்தம் செய்துதான் சமமாக்கினார்கள். சமமான பிறகும் பல லயங்களில் பெண்டாட்டியின் சம்பளத்தைப் புருஷன்தான் போய்க் கையெழுத்து வைத்து வாங்கினான். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி மலை ஏறுகிறவர்களும் பால் வாளி சுமக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்கள், அவர்களுக்கு மேலே கங்காணி ஆண். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, சம்பாதிக்கும் பெண்ணை அடக்கி வீட்டுக்குள் வைப்பது வெற்றி என்று சொல்லும் கதைக்கு நாங்கள் கைதட்டியிருக்கிறோம். அந்தக் கைதட்டலை நான் குறைவாக மதிக்கவில்லை. முதலாளி தோற்பதைப் பார்க்க எங்களுக்கு வேறு படம் கிடைக்கவில்லை.

நடிகரோடு நமக்கு இருப்பது ஒருபக்க உறவு. 1956லேயே அமெரிக்க ஆய்வாளர்களான டொனால்ட் ஹோர்டனும் ரிச்சர்ட் வோலும் இதைப் பற்றி எழுதினார்கள். திரையில் வருகிறவர் நம் வீட்டு மனிதர்போல் ஆகிவிடுகிறார், நாம் அவரை அறிவோம், அவர் நம்மை அறியமாட்டார். அப்படிப்பட்ட உறவு முறிவதும் ஒரு பக்கமாகத்தான் முறிகிறது. சண்டை இல்லை, சமாதானம் இல்லை, சொல்லிவிட்டுப் போகவும் ஆள் இல்லை. பாட்டு மட்டும் வேறு மாதிரி. பதின்வயதில் கேட்ட பாட்டு சாகும்வரை கூடவே வரும் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளும் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொள்வதை உளவியலாளர் கேரல் க்ரும்ஹான்ஸல் 2013ல் எழுதிய ஆய்வில் பார்க்கலாம். அதனால்தான் அம்மா ஒரு பாட்டு வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார். 'மன்னன்' கதையை விட்டு நான் வெகுதூரம் வந்துவிட்டேன், அதில் இளையராஜா போட்ட பாட்டுகளை விட்டு ஓர் அடியும் நகரவில்லை.

ரஜினி என் மனதிலிருந்து கடைசியாக இறங்கிய படியை நாளோடு சொல்லலாம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது பொலிஸ் சுட்டது. 13 பேர் இறந்தார்கள். மே 30 அன்று காயப்பட்டவர்களைப் பார்க்க ரஜினி ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலில் இருந்த ஓர் இளைஞர், நீங்கள் யார் என்று அவரிடமே கேட்டார். தமிழ்நாட்டில் அந்த முகத்தைத் தெரியாத பிள்ளை உண்டா? தெரிந்துதான் கேட்டார். அன்றைக்கே ரஜினி, போராட்டத்துக்குள் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றும், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்று போனால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றும் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். எட்டு நாள் கழித்து, ஜூன் 7 அன்று, பா. ரஞ்சித்தின் 'காலா' வந்தது. அதில் அவர் கறுப்பு உடை உடுத்தி, நிலம் எங்கள் உரிமை என்று தாராவி மக்களோடு நிற்கிறார். அருமையான படம், இன்றும் சொல்வேன். ஆனால் அந்த இரண்டு மனிதரையும் ஒரே முகத்தில் வைத்து என்னால் பார்க்க முடியவில்லை.

அதே வருடம் அக்டோபர் 24 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் மலையக இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள், கறுப்பு உடையில். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி அப்போது 500 ரூபாய். அதை 1000 ஆக்கு என்று கேட்டார்கள். எந்தப் பெரிய தலைவரும் கூப்பிட்டு வந்த கூட்டம் இல்லை, போனில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு சேர்ந்தவர்கள். கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள், நான் படிப்பித்த ஒரு பெண்ணும் இருந்தாள். அந்த 1000 ரூபாய் 2021ல்தான் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது, அதற்குள் விலைவாசி அதைத் தின்றுவிட்டது. ஆனாலும் அன்றைய படங்களைப் பார்த்தபோது, திருவிழா இரவில் கோயில் வாசலில் நான் போட்ட சத்தம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரிந்தது. திரையில் ஒருவர் நிற்பதைக் கண்டு கைதட்டியவர்களின் பிள்ளைகள் திடலில் தாங்களே நின்றார்கள்.

நட்சத்திரங்கள் தேவையில்லாமல் போய்விட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. 2023ல் ஸீ தமிழ் 'சரிகமப' நிகழ்ச்சியில் புசல்லாவைத் தோட்டத்துச் சிறுமி அசானி பாடிய வாரங்களில், எம்ஜியாருக்கே எழுந்து போகும் என் அம்மா கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது எல்லாம் விஜய்தான். 2024 பெப்ரவரியில் அவர் கட்சி தொடங்கியபோது, அந்த நாட்டில் ஓட்டில்லாத எங்கள் பையன்கள் இங்கே பட்டாசு கொளுத்தினார்கள். அம்மாவின் 1977 என் ஞாபகத்துக்கு வந்தது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அவருடைய கூட்டத்து நெரிசலில் 41 பேர் செத்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. அடுத்த பள்ளி நாளில் வகுப்பு பேச்சில்லாமல் இருந்தது. அவரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பதினேழு வயதில் என்னிடம் யாராவது ரஜினியை விடச் சொல்லியிருந்தால், சொன்னவரைத்தான் விட்டிருப்பேன்.

அதற்குப் பதில் ஒரு கட்டுரை கொடுத்தேன். உங்களுக்கு மிகவும் பிடித்த படத்தை எடுங்கள், அதில் கதாநாயகனிடம் தோற்றுப்போகும் ஒருவரின் வாயால் முழுக் கதையையும் சொல்லுங்கள் என்றேன். சில பையன்கள் மறுத்தார்கள், ஹீரோவுக்கு அவமானமாம். இரண்டு பேர் அடியாளின் வாயால் எழுதிக் கொண்டுவந்தார்கள்: அந்த அடியாளுக்கும் வீட்டில் தங்கச்சி, அவனுக்கும் கடன். ஒரு பெண் பிள்ளை 'மன்னன்' எடுத்திருந்தாள், அவளுடைய அம்மாவுக்குப் பிடித்த படமாம். கம்பனியை விட்டுப் போகும் நாளில் முதலாளியம்மா மேசை லாச்சியைக் காலி பண்ணுவதிலிருந்து தொடங்கியிருந்தாள். அடுத்த தவணையில் 'காலா'வை எடுக்கப்போகிறேன். ஒரு பேர்ச் காணியும் சொந்தமில்லாத லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தில் பேச நிறைய இருக்கிறது, தூத்துக்குடியையும் சேர்த்தே பேசலாம்.