முகவரி ராஜபாளையம், வேலை தரமணி

ராம்கோ சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் ராஜபாளையம் பி.எஸ்.கே. நகரில் இருக்கிறது. மென்பொருள் எழுதுகிறவர்கள் உட்கார்ந்திருப்பதோ சென்னை தரமணியில். ராம்கோ சிமெண்ட்ஸும் அப்படித்தான். பதிவு அலுவலகம் ராஜபாளையம் ‘ராமமந்திரம்’, நிர்வாக அலுவலகம் மயிலாப்பூர். ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமையும் படுவார்கள், அதே மூச்சில் புலம்பவும் செய்வார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

பணம் இங்கே இருந்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன் பின்னால் நூற்பாலைகள் வரிசையாக வந்தன. பள்ளி, பாலிடெக்னிக் எல்லாம் வந்தன. ஆனால் 1997-ல் அதே குடும்பம் மென்பொருளுக்கென்று ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற தனி நிறுவனம் அமைத்தபோது அது சென்னையில்தான் வளர்ந்தது. சொந்த மண், சொந்தக் கட்டடம், சொந்த முதலீடு எல்லாம் இருந்தும் ஒரு தொழில் ஏன் 500 கிலோமீட்டருக்கு அப்பால் போகிறது?

ஐரோப்பாவில் இதே கேள்வியைப் பல காலமாகக் கேட்டிருக்கிறார்கள். குஷ்மன் அண்ட் வேக்ஃபீல்ட் என்ற சொத்து ஆலோசனை நிறுவனம் 1990 தொடங்கி ஆண்டுதோறும் பெரிய நிறுவனங்களின் அதிகாரிகளிடம், கம்பெனி வைக்க எந்த நகரம் தோது என்று விசாரித்து வந்தது. லண்டன்தான் முதலிடம், அடுத்து பாரிஸ் என்று வழக்கமாக வரும். அந்த வரிசையைவிட, அதிகாரிகள் எதைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது. தேர்ந்த ஆட்கள் கிடைப்பது, சந்தை கைக்கெட்டுவது, தொலைத்தொடர்பு, போக்குவரத்து ஆகியவைதான் மேலே நின்றன. நம் ஊர் அரசியல்வாதிகள் மேடையில் முதலில் உச்சரிக்கும் வரிச்சலுகை, அவற்றுக்குக் கீழேதான் வந்தது.

லண்டனையும் பாரிஸையும் ராஜபாளையத்தோடு ஒப்பிட்டால் சிரிப்பார்கள். நெதர்லாந்தின் ஐந்தோவனை ஒப்பிடலாம். அங்கே சுமார் 2.4 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையத்தையும் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரையும் சேர்த்தால் 2 லட்சத்தைத் தாண்டும்.

ஐந்தோவனும் ஒரு குடும்பம் வளர்த்த ஊர். 1891-ல் பிலிப்ஸ் அங்கே பல்பு தயாரிக்க ஆரம்பித்தது. தொழிலாளிகளுக்காக 1913-ல் தொடங்கிய கால்பந்து அணிதான் இன்றைய பி.எஸ்.வி. 1914-ல் ஆராய்ச்சிக்கூடம் வந்தது. 1990-களில் பிலிப்ஸ் ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு செய்து, தலைமையகத்தையும் ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றியது. மில் மூடிய ஊர் எப்படி ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தோவன் அப்படி ஆகவில்லை. பொறியாளர்களின் வீடு, பிள்ளைகளின் பள்ளி, 1956-ல் வந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எல்லாம் அங்கேயே இருந்தன. 1984-ல் பிலிப்ஸின் கூட்டு முயற்சியாகப் பிறந்த ஏ.எஸ்.எம்.எல். இன்று சிப் தயாரிக்கும் இயந்திரங்களில் உலகின் முதல் பெயர். அந்த நிறுவனம் வெளிநாட்டில் விரிவாக்கம் செய்யக்கூடும் என்ற பேச்சு கிளம்பியதும், 2024 மார்ச்சில் டச்சு அரசு 250 கோடி யூரோ ஒதுக்கியது. அந்தப் பணம் போகும் இடங்கள் வீடு, சாலை, ரயில், தொழில்நுட்பப் படிப்பு.

இனி நம் ஊருக்கு வருவோம். கைத்திறன் இல்லாத ஊரா இது? பக்கத்தில் சத்திரப்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் போய்ப் பாருங்கள். தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சாடைதான். பாவும் ஊடையும் அவ்வளவு இடைவெளி விட்டு ஓடும், துணிக்குப் பின்னால் கையை வைத்தால் ரேகை தெரியும். இதுதான் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி. தறியிலிருந்து இறங்கும்போது அது தண்ணீரில் மிதக்கும், ஏனென்றால் பஞ்சில் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. காரத்தில் வேகவைத்து, பிளீச்சிங் செய்து, அந்த மெழுகைப் போக்கிய பிறகு தண்ணீரில் போட்டால் 10 நொடிக்குள் முங்க வேண்டும். முங்காவிட்டால் அது ரத்தத்தை உறிஞ்சாது, ஏற்றுமதிக்கும் போகாது. பட்டம் எதுவும் வாங்காமல் இந்தப் பக்குவத்தைக் கற்றவர்கள் இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள்.

படித்தவர்களுக்கும் பஞ்சமில்லை. கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் தொடங்கிய கலசலிங்கம் கல்லூரி இன்று பல்கலைக்கழகம். ராஜபாளையத்தில் 2013-ல் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. ஆண்டுதோறும் பொறியாளர்கள் வெளிவருகிறார்கள். வந்த கையோடு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறார்கள்.

சம்பளம் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. மில்லில் ஒரு நல்ல பொறியாளருக்கு வேலை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அவர் மனைவி கணினி படித்தவர். அவருக்கு இங்கே எத்தனை கம்பெனி? முதல் வேலை பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது கம்பெனி எது? பெரிய நகரம் கொடுப்பது அந்த இரண்டாவது, மூன்றாவது வாய்ப்பைத்தான். இதோடு பிள்ளையின் கோச்சிங், பெற்றோருக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்தால் மதுரைக்கு ஓட வேண்டிய தூரம். விருதுநகர்–தென்காசி ரயில் பாதை இன்னமும் ஒற்றை வழி. திருமங்கலம் சாலை நான்கு வழியானால் மதுரை கொஞ்சம் பக்கத்தில் வரும்.

சிற்றூரில் மென்பொருள் நடக்காது என்பாரும் உண்டு. தெற்கே தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ 2011 முதல் நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு கம்பெனி வந்தால் போதாது, நாலு வர வேண்டும் என்பது என் கட்சி.

அதற்கு ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தங்களை ஒரே ஊராக நினைத்துக்கொள்வது நல்லது. நடுவே இருப்பது சுமார் 12 கிலோமீட்டர். ஒன்றிடம் ஆலை இருக்கிறது, இன்னொன்றிடம் ஆண்டாள் கோவில். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில் இருந்தாலும் கேஸ் நடத்த இங்கேதான் வர வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா தெருவுக்குத் தெரு கிளறப்படுகிறது. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும், அய்யனார் கோவில் ஆறும், சாயங்காலக் காற்றும் எந்தச் சென்னை அடுக்ககத்துக்கும் வாய்க்காது. ஐந்தோவனின் ஏ.எஸ்.எம்.எல். இருப்பதும் பக்கத்து ஊரான வெல்தோவனில்தான். அந்த வட்டாரத்தில் 21 நகராட்சிகள் ஒன்றாக உட்கார்ந்து வீடும் பஸ்ஸும் திட்டமிடுகின்றன. நமக்கு இரண்டே நகராட்சி. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய ரோட்டைப் பற்றிக் கூட இரண்டும் தனித்தனியாகத்தான் பேசுகின்றன.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. இதே மாவட்டத்தில் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா 2023-ல் அறிவிக்கப்பட்டது. ஆலைகள் அங்கே வரும்போது, நூலும் துணியும் தெரிந்த மேலாளர்களும் ஆய்வக ஆட்களும் எங்காவது வீடு பார்ப்பார்கள். மதுரையில் வீடு பார்த்து, தினம் காரில் வந்துபோகவும் தயங்க மாட்டார்கள். அவர்களை இந்தப் பக்கம் திருப்ப வேண்டுமென்றால் வாடகை வீடு, காலை ஏழு மணிக்கு ஒரு பஸ், இதய நோய்க்கு ஒரு நல்ல ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்கு இரண்டு நகராட்சிகளும் இந்த வருஷமே ஒரு கூட்டம் போடலாம். இடம்? நடுவில் எங்கே வேண்டுமானாலும். டீயும் பால்கோவாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பொறுப்பு.